யாரோ வீட்டில் ஒரு பூட்டிய அறை

ஊரார் கம்ப்யூட்டர்களை இரவல் வாங்கி விஞ்ஞானம் கணக்குப் போடுகிறது. அவற்றிடம் அந்தரங்கமான தகவல்களைக் கொடுக்கலாமா? சிப்புக்குள் பூட்டு வந்துவிட்டது. ஆனால் திருப்புளி வீட்டுக்காரரின் கையில்.

சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. கடல் தாண்டி அந்தமானின் ஹேடோ கப்பல் துறையில் இறங்கும் கண்டெய்னர்கள் பல கைகள் மாறி வருகின்றன. சரக்கை அடைத்தவர் ஒருவர், கப்பலில் ஏற்றியவர் ஒருவர், கிரேனில் தூக்கி வைத்தவர் ஒருவர், லாரியில் கொண்டுபோகிறவர் இன்னொருவர். உள்ளே இருப்பது அரிசியா, மருந்தா, ஃபிரிட்ஜா என்று இவர்களில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கதவின் தாழ்ப்பாளில் மாட்டிய சிறிய சீல்தான் எல்லோர் சார்பிலும் சாட்சி சொல்கிறது. சீலின் எண் காகிதத்தில் உள்ள எண்ணோடு பொருந்தினால், வழியில் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். சரக்குக்காரர் வழியிலுள்ள மனிதர்களை நம்ப வேண்டியதில்லை. சீலை நம்பினால் போதும்.

இதே ஏற்பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் செய்ய முடியுமா என்று உலகின் பெரிய சிப் கம்பெனிகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகின்றன. முடிந்தது போலவும் இருக்கிறது, முடியாதது போலவும் இருக்கிறது. அந்த முயற்சி ஹேடோவைப் போன்ற ஓர் ஊருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு 2020-ஆம் ஆண்டில் நடந்த மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச்சில், கோவிட் உலகை வீட்டுக்குள் அடைத்தபோது, ஃபோல்டிங் அட் ஹோம் என்ற திட்டத்தில் லட்சக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பணம் கொடுக்கவில்லை, ரத்தம் கொடுக்கவில்லை. சும்மா கிடந்த தங்கள் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். கொரோனா வைரஸின் புரதங்கள் எப்படி மடங்குகின்றன, எப்படி அசைகின்றன என்ற பிரம்மாண்டமான கணக்கு துண்டு துண்டாக நறுக்கப்பட்டு அவர்கள் வீடுகளுக்குப் போனது. சில வாரங்களில் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கூட்டு பலம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. அதாவது வினாடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சைபர் போட்ட அளவு கணக்குகள். அன்று உலகத்தின் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் எட்டாத வேகம் அது.

இரண்டாவது, ஆகஸ்ட் 10. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கேபிளைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், ரங்கத், கார் நிகோபார், கிரேட் நிகோபார் உட்பட வேறு ஏழு தீவுகளுக்கும் கிளைகள். மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ., செலவு சுமார் ரூ. 1,224 கோடி. அதுவரை தீவுகளின் இன்டர்நெட் முழுக்க செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. ஒரு போட்டோவைத் திறப்பதற்கே பொறுமை வேண்டியிருந்த ஊரில் ஊரார் கணக்கில் பங்கு சேர்வது பற்றி யாரும் யோசித்திருக்க முடியாது. கேபிள் வந்தபின் ஹேடோவின் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் இந்த மாதிரித் திட்டங்களுக்கு சென்னையின் கம்ப்யூட்டருக்குச் சமம். (போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். கப்பல் துறையை அன்றும் இன்றும் ஹேடோ என்றுதான் சொல்கிறார்கள்.)

மூன்றாவது செய்தி அதே ஆகஸ்டின் கடைசியில் வந்தது. கிரேட் அந்தமானிகள் என்ற ஆதிகுடியில் பத்துப் பேருக்கு கோவிட். பத்து என்பது மற்ற இடங்களில் சின்ன எண். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்தக் குடியில் இருந்தவர்களே 44 பேர்தான்.

மறு ஆண்டு ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜும் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபேயும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவின் 227 இனக்குழுக்களைச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலைப் பார்த்ததில், ஓங்கே, ஜாராவா போன்ற சிறிய, தனித்து வாழும் குடிகளுக்குக் கோவிட் ஆபத்து அதிகமாக இருக்கலாம் என்று தெரிந்தது. தாய்வழி, தந்தைவழி வந்த மரபணுத் துண்டுகள் நீளநீளமாக ஒன்றே போல இருப்பது ஒரு காரணம். தலைமுறைகளாகச் சின்ன வட்டத்துக்குள் மணம் செய்தால் அப்படித்தான் ஆகும். தங்கராஜுக்கு அந்தமான் புதிதல்ல. ஓங்கே, கிரேட் அந்தமானிகள் ஆகியோரின் மூதாதையர் பற்றி அவரும் லால்ஜி சிங்கும் சேர்ந்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது உலகம் முழுதும் பேசப்பட்டது.

இந்த வகை ஆய்வுக்குக் கணக்கு மலைபோல் குவியும். ஒருவரின் முழு மரபணுத் தொகுதி 300 கோடி எழுத்துகள். ஆயிரக்கணக்கானவர்களுடையதை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். புரதத்தை மடிக்க வீட்டுக் கம்ப்யூட்டர் உதவுமானால் இதற்கும் உதவாதா?

இங்கேதான் இடிக்கிறது. புரதத்தின் வடிவம் யாருடைய ரகசியமும் இல்லை. 1999-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம் வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ சமிக்ஞையைத் தேடியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஆகாயத்திலிருந்து வரும் இரைச்சலை யார் பார்த்தால் என்ன? பெரிய பகா எண்களைத் தேடும் திட்டம் 1996 முதல் நடக்கிறது. பகா எண்ணுக்கு மானம் போகாது. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த இயக்கம் பெரும்பாலும் ஒளிக்க எதுவுமில்லாத கணக்குகளை வைத்தே வளர்ந்தது. ஒளிக்க இருந்தவை வெளியே போகவில்லை.

2020 மார்ச் 31-இல் புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்ட செட்டியின் கவலையெல்லாம் வேறு மாதிரி. பங்கேற்றவர்கள் முடித்த வேலைக்குப் புள்ளிகள் உண்டு. புள்ளிப் பட்டியலில் முன்னேறுவதற்காகச் சிலர் சாஃப்ட்வேரை மாற்றி, போடாத கணக்குக்கு விடை அனுப்பினார்கள். வேற்றுக்கிரகவாசியைத் தேடும் இடத்திலும் மனிதன் மனிதனாகவே இருந்தான். ஒரே துண்டைப் பல வீடுகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவதுதான் கிடைத்த தீர்வு. பொய் விடையைப் பிடிக்க அது போதும். ரகசியத்தைக் காப்பதற்கு அது நேர் எதிர். ஒருவர் பார்க்க வேண்டியதை மூவர் பார்க்கிறார்கள்.

ரகசியம் என்றதும் வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வரும். ஹேடோவில் அப்படியல்ல. தீவுகளின் வனத்துறைத் தலைமையகமும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் அந்தமான் மண்டல மையமும் இங்கேதான் இருக்கின்றன. இவர்களிடம் உள்ள மிக விலையுயர்ந்த தகவல் பல சமயம் ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளிதான். அந்தமானின் சுண்ணாம்புக் குகைகளில் ஒருவகை உழவாரன் குருவி தன் எச்சிலால் கூடு கட்டுகிறது. அதைச் சூப்பாக்கிக் குடிக்க வெளிநாட்டில் பெரும் விலை. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் 1990-களில் குகை குகையாகப் போய்க் கணக்கெடுத்து, கூடு திருட்டால் இந்தக் குருவி எவ்வளவு வேகமாக அழிகிறது என்று காட்டினார். எந்தக் குகை என்பது காவலருக்கும் வேண்டும், திருடனுக்கும் வேண்டும். 2013-இல் பன்னா வனப்பகுதியில் கழுத்துப் பட்டை மாட்டிய புலி ஒன்று இருக்கும் இடத்தை அறிய, ஓர் ஆய்வாளரின் ஈமெயிலுக்குள் நுழைய யாரோ முயன்றது செய்தியானது. முயற்சி பலிக்கவில்லை. ஆனாலும் வேட்டைக்கு இனி துப்பாக்கிக்கு முன் பாஸ்வேர்டு என்று அன்றே தெரிந்துபோனது.

குகையின் இடம் கசிந்தால் காவல் போடலாம். மரபணு கசிந்தால் அதுவும் முடியாது. பெயரை நீக்கிவிட்டால் போதுமே என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு குழு, நூற்றுக்கணக்கானவர்களின் மரபணுவை ஒன்றாகக் கலந்து சராசரி மட்டும் வெளியிட்டாலும், குறிப்பிட்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று கண்டுபிடிக்கலாம் என நிரூபித்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய சராசரிகளைப் பொதுத்தளத்திலிருந்து அவசரமாக எடுத்தது. 2013-இல் இன்னொரு குழு, பெயரில்லாத மரபணுக்களிலிருந்து குடும்பப் பெயரை ஊகித்து, இன்டர்நெட்டில் கிடைத்த வம்சாவளித் தகவலோடு சேர்த்து, ஏறத்தாழ ஐம்பது பேரை அடையாளம் கண்டது. அமெரிக்காவின் முப்பது கோடி மக்களுக்குள்ளேயே இது முடிந்தது. 44 பேர் கொண்ட குடியில் பெயரை நீக்குவது என்பது வாசல் பலகையைக் கழற்றிவிட்டு வீட்டை ஒளித்துவிட்டதாக எண்ணுவது.

பிறகு மறைகுறியீடு எதற்கு இருக்கிறது? தகவல் பயணம் செய்யும்போது மறைக்கலாம், டிஸ்க்கில் தூங்கும்போது மறைக்கலாம். கணக்குப் போடும்போது பிரித்தாக வேண்டும். மூட்டையைத் திறக்காமல் சோறு வடிக்க முடியாது. பிரித்த கணத்தில், கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் நினைத்தால் பார்த்துவிடலாம். இயந்திரம் அவருடையது.

இந்தக் கணத்துக்காகத்தான் இன்டெல் 2015-இல் தன் சிப்களில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற வசதியை வைத்தது. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு சிறிய அறை. அதில் இருப்பதெல்லாம் மறைகுறியீட்டில் இருக்கும். சிப்பின் உள்ளே வரும்போது மட்டும் பிரியும். விண்டோஸோ, கம்ப்யூட்டரின் நிர்வாகியோ, வைரஸோ எட்டிப் பார்த்தால் குப்பைதான் தெரியும். பூட்டை விட முக்கியம் சீல். ஐதராபாத்தில் இருக்கும் ஒரு சர்வர், ஹேடோவில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் முதலில் கேட்கும்: உன் அறைக்குள் எந்த சாஃப்ட்வேர் இருக்கிறது? அந்த சாஃப்ட்வேரின் ஒவ்வொரு எழுத்தையும் கணக்கிட்டு சிப் ஒரு முத்திரை எண்ணைத் தரும். தொழிற்சாலையில் தனக்குள் பொறிக்கப்பட்ட ரகசியத்தை ஆதாரமாகக் கொண்டு அதன்மேல் கையெழுத்தும் போடும். முத்திரை சரி, கையெழுத்து அசல் என்று தெரிந்த பிறகே தகவலின் சாவி புறப்படும். சாஃப்ட்வேரில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை மாறிவிடும். செட்டியின் புள்ளித் திருடர்களுக்கும் இதிலேயே மருந்து உண்டு. கணக்கை அசல் சாஃப்ட்வேர்தான் போட்டது என்று சிப்பே சாட்சி சொல்லுமானால், ஒரே துண்டை மூன்று வீடுகளுக்கு அனுப்பி மின்சாரத்தை வீணாக்க வேண்டாம்.

இது ஏதோ சோதனைச்சாலைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவியில் இதன் சகோதரன் இருக்கிறான். ஆதார் நிறுவனம் ஆரம்பத்தில் அனுமதித்த கருவிகளில், கைரேகையை மறைகுறியீடு செய்யும் வேலை அதோடு இணைத்த கம்ப்யூட்டரில் அல்லது போனில் நடந்தது. பின்னர் எல் 1 என்ற வகைக்கு மாறச் சொன்னது. அதில் கருவியின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே ரேகை பூட்டப்பட்டுத்தான் வெளியே வரும். கடைக்காரரின் போன் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் ரேகை அதன் கண்ணில் படாது. ஏ.டி.எம். கார்டின் சிப்பும் சிம் கார்டும் இதே குலம்.

ஆனால் மூடிய கண்டெய்னரைப் பற்றித் துறைமுகத் தொழிலாளிக்கு எதுவுமே தெரியாது என்று சொல்ல முடியுமா? தூக்கினால் கனம் தெரியும். தட்டினால் சத்தம் தெரியும். மோப்பம் பிடித்தால் கருவாடா காப்பிக்கொட்டையா என்று சொல்லிவிடுவார். சிப்பின் அறையையும் ஆய்வாளர்கள் இப்படித்தான் தட்டிப் பார்த்தார்கள். வேகத்துக்காக சிப் முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் வேலைகள் விட்டுச்செல்லும் தடயங்களைப் பிடித்து, 2018 ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல் வெளிவந்தது. அறையில் இருந்ததைப் படித்ததோடு நிற்கவில்லை. கையெழுத்துப் போடும் சாவியையே எடுத்துவிட்டது. சீல் செய்யும் அச்சு திருடன் கைக்குப் போன கதை. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட்: சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கணநேரம் குறைத்தால் உள்ளே கணக்கு தப்பாகும், தப்பான விடையிலிருந்து ரகசியத்தை ஊகிக்கலாம். 2023-இல் டவுன்ஃபால். ஒவ்வொன்றுக்கும் இன்டெல் ஒட்டுப் போட்டது. ஒட்டுப் போட்டதா இல்லையா என்று சீல் சரிபார்க்கும்போதே தெரிந்துகொள்ளவும் வழி செய்தது. இதுவரை நடந்தது பூட்டுக்காரனுக்கும் கள்ளனுக்கும் எப்போதும் நடக்கும் ஓட்டம்தான்.

ஒட்டுப் போட முடியாத ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பிளண்டர்வோல்டுக்கான ஒட்டு வந்தபின், 2020-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார்கள். சிப்புக்கு மின்னழுத்தம் எவ்வளவு என்று சொல்லும் கம்பியில் சுமார் 30 டாலர் பெறுமான ஒரு சின்னச் சாதனத்தைப் பற்றவைத்தார்கள். பழைய தாக்குதல் திரும்ப உயிர்பெற்றது. இன்டெல்லின் பதில் சுருக்கமானது: மூடியைக் கழற்றுவது எங்கள் பாதுகாப்பு வாக்குறுதியில் சேராது. 2025-இல் வேறு குழுக்கள் நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவே ஒட்டுக்கேட்கும் பலகையைச் செருகி, சர்வர்களில் இருக்கும் இன்டெல், ஏ.எம்.டி. அறைகளை உடைத்தன. ஒன்றின் செலவு சுமார் 50 டாலர். அப்போதும் அதே பதில்.

சர்வர் விஷயத்தில் அந்தப் பதில் ஓரளவு நியாயம். பெரிய கம்பெனியின் சர்வர்கள் வேலியும் காவலும் போட்ட கட்டடத்தில் இருக்கின்றன. அங்கே திருப்புளியோடு நுழைவது லேசல்ல. ஊரார் கம்ப்யூட்டர் திட்டத்தில் நிலைமை தலைகீழ். இயந்திரம் ஒருவரின் படுக்கையறை மேசையில் இருக்கிறது. ராத்திரி முழுக்க அவகாசம் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் கேட்க ஆளில்லை. பூட்டு எந்த ஆளுக்கு எதிராக வேண்டுமோ, சரியாக அந்த ஆளைத்தான் பூட்டுக்காரர் தன் வாக்குறுதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்.

அது ஒரு பக்கம். அந்த அறையே வீடுகளிலிருந்து காலி செய்யப்பட்டுவிட்டது என்பது இன்னொன்று. 2021 முதல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர் சிப்களில் இன்டெல் எஸ்.ஜி.எக்ஸ்.ஸைக் கைவிட்டது. சர்வர் சிப்களில் மட்டும் வைத்துக்கொண்டது. முதலில் அழுதவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, சினிமா ரசிகர்கள். உயர்தர 4கே புளூரே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் ஓட்ட, படக் கம்பெனிகளின் நிபந்தனைப்படி இந்த அறை தேவைப்பட்டது. புது கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் படம் ஓடவில்லை. வீட்டுக்காரரை நம்பாத பூட்டு முதலில் யாருடைய சொத்தைக் காக்க வீடுகளுக்குள் வந்தது என்பது இதிலிருந்து புரியும். இருந்த காலத்திலும் அறை சின்னது. முதல் சிப்களில் உபயோகப்படும் இடம் நூறு மெகாபைட்டுக்கும் குறைவு. ஒருவரின் மரபணுத் தொகுதியைக்கூட முழுசாக வைக்க முடியாது. தவிர, ஃபோல்டிங் அட் ஹோமின் அசுர பலம் பெரும்பாலும் வீடியோ கேம் ஆடுபவர்களின் கிராஃபிக்ஸ் கார்டுகளிலிருந்து வருகிறது. அவை அறைக்கு வெளியே. இந்த மாதிரிப் பூட்டுள்ள கிராஃபிக்ஸ் சிப்கள் சர்வர்களுக்காக வந்துவிட்டன, ஆனால் அவற்றின் விலை சாதாரண வீட்டுக்கு எட்டாது.

கம்ப்யூட்டரைக் கொடுப்பவருக்கும் ஒரு கேள்வி உண்டு. தன் வீட்டிலேயே தனக்குத் திறக்காத அறை ஒன்று இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அந்த அறையையே வைரஸ் ஒளிந்துகொள்ளும் இடமாக்கலாம் என்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் காட்டினார்கள். ஹேடோவில் ஒருவர் புண்ணியத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொடுக்கிறார் என்றால், அவர் கொடுப்பது நம்பிக்கையும்தான்.

கணிதத்தில் வேறு வழிகள் இருக்கின்றன. பூட்டைத் திறக்காமலே உள்ளே இருப்பதன்மீது கணக்குப் போடும் முறையை 2009-இல் கிரேக் ஜென்ட்ரி கண்டுபிடித்தார். மூட்டையைத் திறக்காமல் சோறு வடிக்கும் வித்தை. வேலை செய்கிறது, ஆனால் சாதாரணக் கணக்கைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக. ஊரார் கொடுத்த வேகத்தையெல்லாம் பூட்டே தின்றுவிடும். இன்னொன்று ஆதி ஷமீர் 1979-இல் சொன்ன வழி: ரகசியத்தைப் பல பங்குகளாக்கி வேறு வேறு ஆட்களிடம் கொடுப்பது. குறிப்பிட்ட எண்ணிக்கைப் பங்குகள் சேராதவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டால் ஊரார் கம்ப்யூட்டர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. பங்காளிகள் ரகசியமாகக் கூடிப் பேசினால் போயிற்று. பெயர், முகம் தெரியாத கூட்டத்தில் ஒரே ஆள் நூறு பெயரில் சேர்ந்து நூறு பங்கும் வாங்கிக்கொள்வதைத் தடுப்பதும் கஷ்டம்.

ஆக, இன்று எதை வெளியே அனுப்பலாம்? சிப்பின் பூட்டு உடைய நாளாகும், செலவாகும். அந்த நாளுக்குள் பழசாகிவிடும் தகவலுக்கு அது தாராளமாகப் போதும். இந்த வாரம் ரோந்துப் படகு எந்தப் பக்கம் போகும் என்பது அடுத்த மாதம் யாருக்கும் பயன்படாது. ஆண்டுதோறும் குருவி கட்டும் அதே குகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மரபணுவுக்கோ சுத்தமாகப் பொருந்தாது. 2015-இல் பூட்டி அனுப்பியதை ஒருவர் பிரதி எடுத்து வைத்திருந்து 2035-இல் உடைத்தாலும், அதே ஆளின் பேரக்குழந்தைகளைப் பற்றி அது பேசும். பாஸ்வேர்டை மாற்றுவது போல ரத்தத்தை மாற்ற முடியாது. கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுத்தவர் ஒருவர். கசிந்தால் அம்பலப்படுவது 44 பேர் கொண்ட குடி முழுக்க. அந்தக் குடியின் மற்றவர்களை யாராவது கேட்டார்களா என்பதற்கு எந்தச் சிப்பிலும் பதில் பொறிக்க முடியாது.

பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதி 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபோது அரசாங்கம் தேர்ந்த வழி பழைய வழி. தகவல் ஃபரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் விண்ணப்பம் போட்டு, காரணம் சொல்லி, நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுப் பார்க்கலாம். ஊரார் வீடுகளுக்குத் துண்டு துண்டாக எதுவும் போகவில்லை. கணக்கு மெதுவாக நடக்கும், செலவும் அதிகம்.

ஹேடோவில் இன்றிரவு கம்ப்யூட்டரைக் கொடுக்க விரும்புகிறவருக்கு வேலை இல்லாமலில்லை. ஃபோல்டிங் அட் ஹோம் இன்னும் நடக்கிறது. புற்றுநோய், அல்சைமர் நோய்க்கான புரதங்கள் மடங்கக் காத்திருக்கின்றன. சாஃப்ட்வேரை இறக்கி ஓட விட்டால் போதும். சென்னை வழியாக ஒரு துண்டு கணக்கு கடலடியில் வந்து சேரும். அதற்குப் பூட்டும் இல்லை, சீலும் இல்லை.